செல்லுக்குள்ளேயே ரைபோசோமைக் காணுதல்: கிரையோ எலக்ட்ரான் டோமோகிராபிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு புரதத்தைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்து, தூய்மைப்படுத்தி, அதன் வடிவத்தை அறியும் முறைகள் பல உண்டு. அப்படிப் பிரித்தெடுக்கும்போது அது எதற்கு அருகில் இருந்தது, எந்தச் சவ்வில் ஒட்டியிருந்தது, அந்தக் கணத்தில் என்ன வேலையில் ஈடுபட்டிருந்தது என்ற செய்திகள் எல்லாம் கழிவுநீரோடு போய்விடுகின்றன. கிரையோ எலக்ட்ரான் டோமோகிராபி அந்தச் செய்திகளைக் காப்பாற்றும் முறை. உயிருள்ள செல்லை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் உறையவைத்து, அதிலிருந்து மெல்லிய துண்டு ஒன்றைச் செதுக்கி, அந்தத் துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து உட்பகுதியின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் மீட்டெடுக்கிறோம். மருத்துவமனை சி.டி. ஸ்கேனின் கணிதமும் இதுதான். அங்கே கருவி நோயாளியைச் சுற்றி வருகிறது, இங்கே மாதிரி சாய்கிறது. சாயமேற்றுவதோ, வேதிப்பொருள் கொண்டு கெட்டிப்படுத்துவதோ, நீரை நீக்குவதோ இல்லாததால், படத்தில் தெரியும் ஒவ்வொரு கருமையும் அந்தச் செல்லின் சொந்த அணுக்கள் தந்ததுதான்.

இக்கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறேன்: ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல்லான ஹீலா செல்லின் சைட்டோபிளாசத்தில் உள்ள, புரதம் தயாரிக்கும் ரைபோசோம். அது 25 முதல் 30 நானோமீட்டர் அளவுடையது, ஆர்.என்.ஏ. நிறைந்திருப்பதால் படத்தில் அழுத்தமாகத் தெரிவது, எங்கும் நிறைந்திருப்பது, வடிவம் ஏற்கெனவே துல்லியமாக அறியப்பட்டது. முதல் முறை இந்த வேலையில் இறங்குபவர் எதைத் தேடினாலும், ரைபோசோமையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவே சரியாக வரவில்லையென்றால், அதைவிடச் சிறிய எதுவும் வரப்போவதில்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஒரு டோமோகிராமின், அதாவது இப்படி மீட்டெடுத்த முப்பரிமாண உருவத்தின் தரம், நுண்ணோக்கியில் முதல் எலக்ட்ரான் விழுவதற்கு முன்பே, செல் வளரும் வலையான கிரிட், உறைந்த நீரின் நிலை, துண்டின் தடிமன் ஆகிய மூன்றிலும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே அவற்றுக்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

நுண்ணோக்கியில் நேரம் கேட்பதற்கு முன், உங்கள் கேள்விக்கு இந்த முறை பொருந்துமா என்று தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். பிக்சல் அளவு 2 ஆங்ஸ்ட்ராம் (0.2 நானோமீட்டர்) என்றால் ஒரு டோமோகிராமின் பரப்பு ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டருக்கு 1 மைக்ரோமீட்டர். துண்டின் தடிமன் 150 நானோமீட்டர். அதன் கனஅளவு 0.15 கன மைக்ரோமீட்டர். ஒரு ஹீலா செல்லின் கனஅளவை 2,000 கன மைக்ரோமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு டோமோகிராம் அந்தச் செல்லில் சுமார் 13,000-இல் ஒரு பங்கு மட்டுமே. செல் ஒன்றுக்கு 1,000 பிரதிகள் உள்ள ஒரு புரதம் செல் முழுவதும் சீராகப் பரவியிருந்தால், அதன் ஒரே ஒரு பிரதியைக் காண்பதற்கே பதின்மூன்று டோமோகிராம்கள் தேவைப்படும். ரைபோசோமோ செல்லுக்குச் சில மில்லியன்கள் இருப்பதால், ஒரே டோமோகிராமில் நூறு, இருநூறு என்று கிடைக்கும்.

எண்ணிக்கையோடு அளவையும் பாருங்கள். மனித ரைபோசோமின் நிறை சுமார் 43 லட்சம் டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு). வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் 26எஸ் புரோட்டியசோமின் நிறை சுமார் 25 லட்சம் டால்டன். இவை இரண்டும் நெரிசலான சைட்டோபிளாசத்திலும் அடையாளம் காணக்கூடியவை. நிறை ஐந்து லட்சம் டால்டனுக்குக் கீழே போகப் போக, தனித்து நிற்கும் ஒரு புரதத்தை அண்டையிலுள்ளவற்றிலிருந்து பிரித்தறிவது வேகமாகக் கடினமாகிறது. ஆனால் சவ்வில் வரிசையாகப் பதிந்திருப்பவை, ஆக்டின் இழை, நுண்குழல், அணுக்கருத் துளை போன்றவை தம் அமைப்பாலேயே தம்மைக் காட்டிக்கொள்ளும். உங்கள் இலக்கு அரிதாகவும் சிறிதாகவும் இருந்தால், அதற்கு ஒளிரும் புரதக் குறி ஒன்றை இணைத்து, உறைந்த நிலையிலேயே ஒளிநுண்ணோக்கியில் இடம் கண்டறிந்து, பிறகு அந்த இடத்தைச் செதுக்க வேண்டியிருக்கும். இது கூடுதல் மாதங்கள் எடுக்கும் வேலை என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொள்வது நல்லது.

கடைசிக் கட்டத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

செல் வளர்ப்பதற்கு முன்பு, மற்றவர்கள் எடுத்த தரவை வைத்துக் கணினிப் பகுதியை ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பாருங்கள். நல்ல சாய்வுத் தொடர் (மாதிரியைச் சாய்த்துப் பல கோணங்களில் எடுத்த படவரிசை) எப்படி இருக்கும் என்று அறியாதவருக்கு, தன் கிரிட்டில் எது கெட்டது என்றும் தெரியாது. எம்பயர் என்னும் பொதுக் களஞ்சியத்தில் அசல் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே 10164 என்ற எண்ணில் உள்ளவை, முதிராத எச்.ஐ.வி. போன்ற துகள்களின் சாய்வுத் தொடர்கள். ஹைடல்பெர்க்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட இந்தத் தரவிலிருந்துதான் 2016-இல் 3.9 ஆங்ஸ்ட்ராம் பகுதிறன் (பிரித்தறியக்கூடிய மிகச் சிறு விவரத்தின் அளவு) எட்டப்பட்டது. ரெலியான் மென்பொருளின் பயிற்சிக் குறிப்பும் இதிலிருந்து ஐந்து தொடர்களை மட்டும் எடுத்து நடத்துகிறது. ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு அது.

அது முடிந்ததும் 10499 என்ற எண்ணுக்குப் போங்கள். அவை குளோரம்பெனிக்கால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட மைக்கோபிளாஸ்மா நியுமோனியே செல்கள். அந்தப் பாக்டீரியம் மிக மெல்லியதாக இருப்பதால் செதுக்காமலே படமெடுக்கலாம். செல்லுக்குள்ளேயே இருக்கும் ரைபோசோமை 3.5 ஆங்ஸ்ட்ராம் வரை காட்டி, அதில் ஒட்டியிருந்த மருந்து மூலக்கூறையும் அடையாளம் காணவைத்தது இந்தத் தரவுதான். 2021-இல் வெளியான முடிவு. தூய்மைப்படுத்திய துகளுக்கும் செல்லுக்குள் உள்ள துகளுக்கும் இடையே படம் எவ்வளவு மாறுகிறது என்பதை இந்த இரண்டு தொகுப்புகளும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது கண்ணால் உணரலாம். லினக்ஸ் இயங்கும், நல்ல கிராபிக்ஸ் அட்டையுள்ள ஒரு கணினியும் தாராளமான வன்வட்டு இடமும் இதற்குப் போதும்.

கிரிட்டில் செல் வளர்த்தல்

கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான உலோக வலை. அதன் மேல் பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர் தடிமனில், துளைகளுள்ள கார்பன் அல்லது சிலிக்கா படலம் விரித்திருக்கும். செம்பு செல்களுக்கு நஞ்சு. ஆகவே தங்க வலையையே வாங்குங்கள். ஓர் அங்குலத்துக்கு 200 கட்டம் உள்ள வலையில் ஒவ்வொரு சதுரமும் ஏறக்குறைய 90 மைக்ரோமீட்டர் அகலமுடையதாக இருப்பதால், ஒரு ஹீலா செல் அதற்குள் வசதியாகப் படரும்.

மின்னேற்றிய வாயுவான பிளாஸ்மாவில் சிறிது நேரம் வைத்துப் படலத்தை நீரை ஏற்கும்படி மாற்றி, நுண்ணுயிர் நீக்கி, செல் ஒட்டிக்கொள்ள உதவும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பூசி, வளர்ப்புத் தட்டின் அடியில் படலம் மேற்புறமாக இருக்கும்படி வையுங்கள். இடுக்கியால் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். கிரிட்டைத் திரவத்துக்குள் விடும்போதும் வெளியே எடுக்கும்போதும் செங்குத்தாகவே நகர்த்துங்கள்; தட்டையாகத் தூக்கினால் திரவத்தின் இழுவிசையே படலத்தைக் கிழித்துவிடும். மறுநாள் காலை சாதாரண ஒளிநுண்ணோக்கியில் பாருங்கள். ஒரு சதுரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு செல், அதுவும் சதுரத்தின் நடுவில், அதுவும் கிரிட்டின் மையப் பகுதியில் இருப்பதே இலக்கு. பின்னர் செல்லைச் செதுக்கும் அயனிக்கற்றை கிரிட்டின் மேற்பரப்பைத் தழுவியபடி, ஏறக்குறைய 10 பாகை கோணத்தில் வரும். கம்பியின் ஓரத்தில் இருக்கும் செல்லையும் கிரிட்டின் விளிம்பை ஒட்டிய செல்லையும் அது எட்டாது. கூட்டமாகப் படர்ந்த செல்கள் பார்ப்பதற்கு ஆரோக்கியமாகத் தோன்றினாலும், அவற்றுக்கிடையே தேங்கும் நீர் சரியாக உறையாது. செல்கள் அதிகமாக இருக்கும் கிரிட்டைவிடக் குறைவாக இருக்கும் கிரிட் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியில்லையென்றால் அன்றைக்கு உறையவைக்க வேண்டாம், மறுபடி விதையுங்கள். இங்கே சேமிக்கும் ஒரு நாள் பின்னால் இரண்டு வாரங்களாகத் திரும்பக் கேட்கும்.

உறையவைத்தல்

நீர் மெதுவாகக் குளிர்ந்தால் படிகமாகிறது; படிகம் வளரும்போது சவ்வுகளைக் கிழித்து, கரைந்திருப்பவற்றை ஓரங்களுக்குத் தள்ளுகிறது. நொடிக்குப் பல்லாயிரம் பாகை என்ற வேகத்தில் குளிர்ந்தால், மூலக்கூறுகள் வரிசைக்கு வர நேரமில்லாமல், நீர் அப்படியே கண்ணாடி போல் இறுகுகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்க்கில் ஜாக் டுபொஷேயும் அவருடைய குழுவினரும் இதை நடைமுறைக்கு ஏற்ற உத்தியாக்கினார்கள். அந்தப் பணிக்காகவே அவர் 2017-இல் யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 பாகையில் இருந்தும், கிரிட்டை நேராக அதில் அமிழ்த்தினால் வேலைக்காகாது. வெப்பமான பொருள் பட்டவுடன் நைட்ரஜன் கொதித்து, கிரிட்டைச் சுற்றி ஒரு வாயுப் போர்வை உண்டாகி, குளிர்ச்சியைத் தடுத்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி ஆவியாகாமல் உருண்டோடுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே நைட்ரஜனால் குளிர்வித்துத் திரவமாக்கிய ஈத்தேனைப் பயன்படுத்துகிறோம். ஈத்தேனின் உறைநிலை மைனஸ் 183, கொதிநிலை மைனஸ் 89. இந்த அகன்ற இடைவெளியால் அது கொதிக்காமலே வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

உறையவைக்கும் கருவியின் அறையை 37 பாகையிலும் ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேலும் வைத்து, மிகுதியான திரவத்தை வடிதாளால் ஒற்றி எடுங்கள். செல்கள் உள்ள பக்கத்தில் வடிதாள் படக்கூடாது. பின்புறத்திலிருந்து மட்டும் ஒற்றுங்கள். இருபுறமும் ஒற்றும் கருவியாக இருந்தால், செல் பக்கத்துத் திண்டில் நீரை ஏற்காத டெஃப்லான் தகடு ஒன்றைப் பொருத்துவது வழக்கம். எத்தனை நொடி ஒற்ற வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. 5, 8, 11, 14 நொடி என்று ஒரே நாளில் நான்கு கிரிட்டுகளைச் செய்து, நான்கையும் நுண்ணோக்கியில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்து, உங்கள் செல்லுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். செல்லின் உருவரை திரவத்துக்குள் மூழ்கி மங்கியிருந்தால் ஒற்றியது போதவில்லை. செல் நசுங்கித் தட்டையாகியிருந்தால் மிகையாகிவிட்டது.

இந்த முறையில் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் தடிமன் வரையே நீர் கண்ணாடியாகும். திசுத் துண்டு போன்ற தடித்த மாதிரிகளுக்கு, 2,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் உறையவைக்கும் வேறு கருவி தேவை. அது 200 மைக்ரோமீட்டர் வரை செல்லும். ஹீலா செல் அந்த 10 மைக்ரோமீட்டர் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பது. உறையவைப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் 5 முதல் 10 சதவீதம் கிளிசரால் சேர்த்தால் அணுக்கரு வரை நன்றாகக் கண்ணாடியாகும். ஆனால் அது செல்லின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை மாற்றுகிறது. சேர்த்தால், சேர்த்தேன் என்று எழுதிவையுங்கள். சேர்க்காத சில கிரிட்டுகளையும் ஒப்பீட்டுக்கு வைத்திருங்கள்.

உறைந்த கிரிட் இனி எந்தக் கட்டத்திலும் மைனஸ் 140 பாகைக்கு மேலே சூடாகக்கூடாது. சூடாகிக் கண்ணாடி படிகமாகிவிட்டால் அதை மீட்க வழியில்லை. காற்றிலுள்ள ஈரமும் ஓயாத தொல்லை. திறந்து வைத்த நைட்ரஜனில் வெண்தூள் போல மிதப்பது பனித்துகள். அது கிரிட்டின் மேல் படிந்தால் அடுத்த கட்டத்தில் மலை போல் தெரியும். இடுக்கியை ஒவ்வொரு முறையும் உலர்த்தி, கலங்கிய நைட்ரஜனை மாற்றி, மூச்சு படாதபடி முகக்கவசம் அணிந்து வேலை செய்யுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகி அறையின் ஆக்சிஜனை விரட்டிவிடும். மூச்சுத் திணறும் உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். ஆக்சிஜன் அளவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி இல்லாத, காற்றோட்டமில்லாத அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஈத்தேன் எளிதில் தீப்பற்றும். நைட்ரஜனைப் போல உடனே கொதித்து விலகாமல் தோலில் ஒட்டிக்கொள்வதால் அதைவிட ஆழமாகச் சுடும். கண்கவசம் இல்லாமல் ஈத்தேன் கிண்ணத்தின் மேல் குனியவே கூடாது.

லேமெல்லா செதுக்குதல்

ஏன் செதுக்க வேண்டும்? நுண்ணோக்கியில் 300 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானும், உறைந்த நீரில் சுமார் 300 நானோமீட்டர் கடந்தால், சிதறிச் செய்தியை இழக்கத் தொடங்குகிறது. ஹீலா செல்லோ பல மைக்ரோமீட்டர் தடிமன். அத்துடன் மாதிரியை 60 பாகை சாய்க்கும்போது எலக்ட்ரான் கடக்கும் தூரம் இரு மடங்காகிறது. 150 நானோமீட்டர் துண்டு அந்தக் கோணத்தில் 300 நானோமீட்டர் துண்டு போலவே நடந்துகொள்ளும். ஆகவே 100 முதல் 200 நானோமீட்டர் வரையிலான, முடிந்தால் 150-க்குக் குறைவான துண்டே நமக்கு வேண்டும். அந்த மெல்லிய தகட்டைத்தான் லேமெல்லா என்கிறோம்.

முன்பு வைரக் கத்தியால் உறைந்த செல்லைச் சீவினார்கள். கத்தி போகும் திசையில் துண்டு நசுங்கிச் சுருங்கியது. 2007-இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்ஸ்வொர்த் மையத்தில் இருந்த குழுவினர், கேலியம் அயனிக்கற்றையால் உறைந்த மாதிரியைக் கண்ணாடிநிலை கெடாமல் அரித்து மெலிதாக்கலாம் என்று காட்டினார்கள். அதன்பின் மியூனிக் அருகே மார்டின்ஸ்ரீடிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் வோல்ஃப்காங் பாமைஸ்டரின் துறை இதைச் செல்களுக்கான அன்றாட முறையாக வளர்த்தெடுத்தது.

கிரிட்டை ஒருபக்கம் வெட்டுள்ள வளையத்தில் பொருத்துங்கள். கற்றை தாழ்ந்து வருவதற்கு அந்த வெட்டு வழிவிடுகிறது. வளையத்தில் சிறு குறி இட்டு, வெட்டு எந்தத் திசையில் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் தேவைப்படும். அயனிக்கற்றைக் கருவிக்குள் முதலில் மெல்லிய பிளாட்டினப் பூச்சு, அதன் மேல் கரிமப் பிளாட்டினச் சேர்மத்தின் தடித்த அடுக்கு. இந்த இரண்டாவது அடுக்கு லேமெல்லாவின் முன் விளிம்புக்குக் கேடயம். அது சீராக இல்லையென்றால் கற்றை தகட்டில் மேலிருந்து கீழாகத் திரை போன்ற கோடுகளைக் கீறிவிடும்.

பிறகு 8 முதல் 12 பாகை கோணத்தில், செல்லின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் அரித்து எடுத்து நடுவே தகட்டை விடுகிறோம். 1 நானோஆம்பியர் அளவிலான கற்றையில் தொடங்கி, தகடு 3 மைக்ரோமீட்டராகக் குறையும்போது கற்றையையும் 0.3 நானோஆம்பியருக்குக் குறைத்து, 1 மைக்ரோமீட்டருக்குக் கீழே 0.1-க்கு இறக்கி, கடைசி மெருகை 30 முதல் 50 பிக்கோஆம்பியரில் முடிக்க வேண்டும். அகலம் 10 முதல் 15 மைக்ரோமீட்டர் போதும். பேராசைப்பட்டு அகலமாக்கினால் தகடு வளையும். தகட்டின் இருபுறமும் சற்றுத் தள்ளி, செல்லில் குறுகிய செங்குத்து இடைவெளிகளை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். ரயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுவது போல, சுற்றியுள்ள படலத்தின் இழுப்பை அவை வாங்கிக்கொள்வதால் தகடு உடையாமல் தப்பிக்கிறது.

வரிசை முக்கியம். ஒரு செல்லை முழுவதுமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாச் செல்களையும் 500 நானோமீட்டர் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மெருகிடுங்கள். கருவிக்குள் எஞ்சியிருக்கும் நீராவி, செதுக்கி முடித்த தகட்டின் மேல் தொடர்ந்து படிந்துகொண்டே இருக்கிறது. காலையில் முடித்த மெல்லிய தகடு மாலைக்குள் மெல்லியதாக இருக்காது. மெருகு முடிந்ததும் தாமதமின்றி வெளியே எடுத்து நைட்ரஜனில் சேமியுங்கள்.

கேலியம் அயனிகள் தகட்டின் இரு மேற்பரப்புகளிலும் பல பத்து நானோமீட்டர் ஆழம் வரை மூலக்கூறுகளைச் சேதப்படுத்துகின்றன என்று அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தகட்டை 80 நானோமீட்டருக்கும் கீழே கொண்டுபோவதில் லாபமில்லை. எஞ்சுவதில் பெரும்பகுதி சேதமடைந்த பகுதியாகவே இருக்கும். இன்னொன்று: கருவி மாற்றும்போது சில தகடுகள் உடைவது எல்லோருக்கும் நிகழ்வது. பத்து வேண்டுமென்றால் பதினைந்து செதுக்குங்கள்.

சாய்வுத் தொடர் எடுத்தல்

கிரிட்டை நுண்ணோக்கியில் ஏற்றும்போது, செதுக்கிய திசை சாய்வு அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நீங்கள் வளையத்தில் இட்ட குறி இங்கேதான் பயன்படுகிறது. அப்படி வைத்தால்தான், தகடு ஏற்கெனவே கொண்டிருக்கும் 10 பாகைச் சரிவை, மாதிரியைத் தாங்கும் மேடையைச் சாய்த்தே ஈடுகட்ட முடியும்; 90 பாகை தவறினால் அந்தச் சரிவு எல்லாப் படங்களிலும் நிலைத்து நிற்கும்.

குறைந்த உருப்பெருக்கத்தில் தகட்டின் வரைபடம் எடுத்து, அதில் சவ்வுகள் கூர்மையாகவும் பின்னணி வழவழப்பாகவும் உள்ள இடங்களைத் தேர்ந்தெடுங்கள். திட்டுத் திட்டாகக் கருமை தெரிந்து, சற்றுச் சாய்த்தவுடன் அந்தக் கருமை இடம் மாறினால் அது படிகப் பனி. அந்தத் தகட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இனி எலக்ட்ரான் செலவுக் கணக்கு. படமெடுக்கும் எலக்ட்ரானே மாதிரியை அழிக்கிறது. மொத்தம் ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறக்குறைய 120 எலக்ட்ரான் என்று வரம்பிட்டால், 3 பாகைக்கு ஒரு படமாக, 120 பாகை வீச்சுக்கு 41 படங்களில் அது பங்கிடப்பட்டு, ஒரு படத்துக்கு 3 எலக்ட்ரானுக்கும் குறைவாகவே கிடைக்கும். தனிப்படத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாமலிருப்பதன் காரணம் இதுதான், பதற வேண்டாம். நுண்விவரங்கள் முதல் சில படங்களோடு அழிந்துவிடுவதால், தகடு மிக மெல்லியதாகத் தெரியும் கோணத்திலிருந்து தொடங்கி, இருபுறமும் மாறி மாறி விலகிச் செல்லும் வரிசையைப் பின்பற்றுங்கள். 2017-இல் ஹைடல்பெர்க் குழு வெளியிட்ட இந்தச் சமச்சீர் வரிசை இப்போது பொது வழக்கம். 10 பாகை சரிவுள்ள தகட்டுக்கு மேடை 10 பாகையில் தொடங்கி 13, 7, 4, 16 என்று போகும்.

ஆற்றல் இழந்த எலக்ட்ரான்களை விலக்கும் ஆற்றல் வடிகட்டியின் பிளவு 20 எலக்ட்ரான்வோல்ட், குவிய விலகல் (குவியத்திலிருந்து வேண்டுமென்றே விலக்கும் தூரம்) 3 முதல் 5 மைக்ரோமீட்டர், பிக்சல் அளவு 1.5 முதல் 3 ஆங்ஸ்ட்ராம்: தொடக்கத்துக்கு இவை பாதுகாப்பான எண்கள். குவியம் பார்க்கும் இடத்தை இலக்கிலிருந்து சாய்வு அச்சின் திசையிலேயே தள்ளி வையுங்கள். அச்சுக்குக் குறுக்கே வைத்தால் சாயும்போது உயரம் மாறிக் குவியமும் தவறிவிடும், இலக்கின் மேலும் கற்றை விழக்கூடும். சீரியல்-இ.எம். போன்ற மென்பொருள்கள் இவற்றைத் தாமாகவே நடத்தும் என்றாலும், அன்றைய முதல் தொடருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிக் கோணம் வரை பாருங்கள். இலக்கு சட்டத்தை விட்டு நகர்வது முதல் தொடரிலேயே தெரிந்துவிடும். இரவு முழுவதும் ஓடவிட்ட பிறகு தெரிவது கொடுமை.

முப்பரிமாண உருவாக்கம்

ஒவ்வொரு கோணத்திலும் பிடித்த சட்டகங்களின் நகர்வைத் திருத்தி, குவிய விலகலை அளந்து, கெட்ட படங்களை நீக்குங்கள். பெரிய கோணத்தில் கம்பியின் நிழல் மறைத்த படத்தையும் இடம் தாவிய படத்தையும் இரக்கமின்றி எடுத்துவிடலாம். நான்கைந்து படம் குறைவதைவிடத் தவறான ஒரு படம் அதிகக் கேடு செய்யும்.

அடுத்து, எல்லாப் படங்களையும் ஒரே அச்சுக்குப் பொருத்த வேண்டும். தூய்மைப்படுத்திய மாதிரிகளில் 10 நானோமீட்டர் தங்க மணிகளைக் கலந்து அவற்றை அடையாளக் கல்லாகப் பயன்படுத்துவார்கள். லேமெல்லாவில் மணி கிடையாது என்பதால், படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் நகர்வையும் பின்தொடரும் முறையை ஐமாட் மென்பொருளில் பயன்படுத்தலாம். அல்லது மணியின்றியே பொருத்தும் ஆர்டோமோவில் ஓடவிடலாம். சராசரி எஞ்சுபிழை குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாமல், பொருத்திய படங்களைத் திரைப்படம் போல ஓட்டிப் பாருங்கள். தகடு ஓர் அச்சைச் சுற்றி மென்மையாகத் திரும்ப வேண்டும்; துள்ளினால் மறுபடி செய்யுங்கள்.

பின்பு ஒவ்வொரு படத்தையும் அது எடுக்கப்பட்ட கோணத்தில் முப்பரிமாண வெளிக்குள் திருப்பி எறிந்து கூட்டினால் டோமோகிராம் கிடைக்கிறது. இதில் ஒரு குறை எப்போதும் இருக்கும். மாதிரியை 90 பாகை வரை சாய்க்க முடியாது. மைனஸ் 60 முதல் பிளஸ் 60 வரை எடுத்தால், செய்தியின் மூன்றில் ஒரு பங்கு ஆப்பு வடிவில் விடுபட்டுப் போகிறது. அதனால் உருண்டைகள் கற்றையின் திசையில் நீண்டு தெரியும். தகட்டின் பரப்புக்கு இணையாகக் கிடக்கும் சவ்வுகள் கண்ணுக்குத் தெரியாமலே போகும். சவ்வுப்பையின் மேலும் கீழும் திறந்திருப்பதாகத் தோன்றினால் அது உயிரியல் செய்தியல்ல. கிரையோகேர், ஐசோநெட் போன்ற மென்பொருள்கள் இரைச்சலைக் குறைத்தும் விடுபட்டதை ஊகித்து நிரப்பியும் அழகான படம் தருகின்றன. அவற்றைக் கண்ணால் தேடுவதற்கும் சவ்வு வரைவதற்கும் பயன்படுத்துங்கள்; அளப்பதற்கும் சராசரி எடுப்பதற்கும் அசல் தரவுக்கே திரும்புங்கள்.

ரைபோசோமைத் தேடிச் சராசரி எடுத்தல்

ஒரு ரைபோசோமின் படம் இரைச்சலில் மூழ்கியிருந்தாலும், ஆயிரக்கணக்கானவற்றை வெட்டியெடுத்து ஒரே திசைக்குத் திருப்பிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி வடிவம் எழுகிறது. ஒவ்வொன்றும் செல்லில் வேறு திசையில் கிடந்ததால், ஒன்றில் விடுபட்ட ஆப்பை மற்றொன்று நிரப்பியும் விடுகிறது.

தேடுவதற்கு, அறியப்பட்ட ரைபோசோமின் வடிவத்தை 30 முதல் 40 ஆங்ஸ்ட்ராமுக்கு மங்கலாக்கி, அதை எல்லாத் திசைகளிலும் திருப்பி டோமோகிராம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பொருத்த முறையைப் பயன்படுத்துங்கள். இங்கே மாதிரி என்பது தேடுவதற்குக் கொடுக்கும் அந்த வடிவம். பைடாம் மென்பொருள் இதற்கு எளிய தொடக்கம். மங்கலாக்குவதைத் தவிர்க்கக்கூடாது. கூர்மையான மாதிரியைக் கொண்டு வெறும் இரைச்சலில் தேடினாலும், இரைச்சலில் அதற்கு ஒத்தவையே பொறுக்கப்பட்டு, சராசரியில் அந்த மாதிரியே திரும்பி வரும். இந்த ஏமாற்றத்துக்கு நான் விரும்பும் சோதனை ஒன்று உண்டு: ரைபோசோம் பெரிது, சிறிது என்ற இரு துணையலகுகளால் ஆனது; அவற்றில் பெரிய துணையலகை மட்டும் மாதிரியாகக் கொடுத்துத் தேடுங்கள். சராசரியில் நீங்கள் கொடுக்காத சிறிய துணையலகும் தானாகத் தோன்றினால், கிடைத்திருப்பது உண்மையான ரைபோசோம்.

இன்னொரு சோதனை இடம்வலம் பற்றியது. பொருத்தும் கட்டத்தில் சாய்வுத் திசையின் குறி மாறிவிட்டால், டோமோகிராம் முழுவதும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. சரியான மாதிரியாலும் அதன் கண்ணாடிப் பிம்பத்தாலும் தனித்தனியாகத் தேடி, எதற்குப் பொருத்த மதிப்பெண் கூடுகிறது என்று பாருங்கள். பிம்பம் வென்றால் குறியை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க வேண்டும். ஒவ்வொரு நுண்ணோக்கிக்கும் இதை ஒருமுறை செய்து சுவரில் எழுதி ஒட்டிவிடலாம்.

துகள்களை இரு பாதிகளாகப் பிரித்து, தொடக்கம் முதல் தனித்தனியாகவே சராசரி எடுத்து, இரண்டும் எந்த அளவு வரை ஒத்துப்போகின்றன என்பதைக் கொண்டு பகுதிறனைச் சொல்ல வேண்டும். ரெலியான் இதைத் தானே செய்கிறது. முதல் முயற்சியில் சில நூறு துகள்களோடு 20 முதல் 30 ஆங்ஸ்ட்ராம் எட்டினாலே இரு துணையலகுகளும் அவற்றுக்கிடையேயான பள்ளமும் தெளிவாகத் தெரியும். அது நல்ல தொடக்கம்.

கடைசி வேலை, கிடைத்த சராசரி வடிவத்தை ஒவ்வொரு துகளின் இடத்திலும் திசையிலும் மீண்டும் டோமோகிராமுக்குள் வைத்துப் பார்ப்பது. தகட்டுக்கு வெளியே, வெற்றிடத்திலோ பிளாட்டின விளிம்பிலோ ஏதேனும் ரைபோசோம் நின்றால் அது பொய்த்துகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் ஒரே துகளை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். இவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைச் சுற்றிப் பாருங்கள். எண்டோபிளாச வலையின் சவ்வை ஒட்டி நிற்பவை, தம் பெரிய துணையலகைச் சவ்வின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். சில இடங்களில் ரைபோசோம்கள் சங்கிலி போல நெருங்கி, ஒன்றிலிருந்து தூது ஆர்.என்.ஏ. வெளியேறும் வாய் அடுத்ததில் அது நுழையும் வாயை நோக்கியபடி நிற்பதைக் காண்பீர்கள். அந்தச் சங்கிலிகளைக் குறித்து எண்ணி, ஒவ்வொன்றிலும் எத்தனை ரைபோசோம்கள், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று அட்டவணையிடுங்கள்.